நான் படித்துச் சொன்ன ஒரு வரி

நம் வயதுக்காரர்களுக்கு டெம்போ நினைவிருக்கும். புதுச்சேரித் தெருக்களில் புகை கக்கிக்கொண்டு ஓடிய மூன்று சக்கர வண்டி. எதிரெதிராக இரண்டு இருக்கை, நடுவில் யாருடையது என்று தெரியாத அளவுக்கு முழங்கால்கள். ஒருநாள் மழை விட்ட மத்தியானத்தில் அப்படி ஒரு டெம்போவில் வந்துதான் அப்பா எங்கள் கருவடிக்குப்பம் வீட்டு முனையில் இறங்கினார். வலது கை முழுக்கக் கட்டு. அந்தக் கையை யாரும் இடித்துவிடக் கூடாது என்று மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். டெம்போக்காரர் அவரிடம் காசு வாங்கவில்லை. எனக்கு அதுதான் முதலில் பயமாக இருந்தது.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. அப்பா உழவர்கரைப் பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை கம்பெனியில் கட்டிங் மெஷினில் வேலை பார்த்தார். அதற்கு முன்னால் மில்லில் இருந்தவர். மில்லில் ஆள் குறைத்தபோது இங்கே வந்தார். அவர் சட்டையில் எப்போதும் உருகிய பிளாஸ்டிக் வாசனை இருக்கும். கட்டோடு வந்த அன்று அந்த வாசனை இல்லை, ஆஸ்பத்திரி வாசனைதான் இருந்தது. மூன்று நாள் முன்னால் ஓவர்டைமில் மெஷினில் கை போய்விட்டது என்றும், கம்பெனியே ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்து ஆபரேஷன் பண்ணியது என்றும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை என்றும் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மூன்று நாளும் அப்பா ஓவர்டைமில் இருக்கிறார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

என் மனதில் ஒரே கேள்விதான் இருந்தது. இரண்டு நாள் அடக்கி வைத்துவிட்டு அப்பாவிடமே கேட்டேன்.

"அந்த வெரலு ரெண்டும் இப்ப எங்கப்பா இருக்குது?"

அம்மா கரண்டியோடு வந்தாள். அப்பா இடது கையால் அவளைத் தடுத்தார்.

"கம்பெனிலயே உட்டுட்டு வந்துட்டேன்" என்றார். "தூக்கிக்கினு வர மறந்துட்டேன்."

இதைச் சமாதானமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் வரைக்கும் மளிகைக்கடையில் கொடுக்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன்.

அந்தக் கை என்னென்ன செய்யப் பழகுகிறது என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. இடது கையால் சோறு பிசைந்தபோது குழம்பு தட்டுக்கு வெளியே போனது. சட்டைப் பொத்தானை மேலிருந்து போடாமல் கீழிருந்து போட்டுக்கொண்டு வந்தார், அது சுலபம் என்றார். பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் செருகி ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தன் பெயரை எழுதி எழுதிப் பார்த்தார். தமிழில் மட்டும்தான் அவருக்கு எழுத வரும். எதற்குக் கையெழுத்து பழகுகிறார் என்று நான் யோசிக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அப்படிப்பட்ட பள்ளிக்குப் போனதில்லை. எங்கள் இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ரெயின்கோட்டோடு ஸ்கூட்டியில் வந்து, வகுப்பு வாசலில் நின்று கோட்டை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்த வாரம் கரும்பலகையில் ஒரு சொற்றொடர் எழுதினார். அட் தி எக்ஸ்பென்ஸ் ஆஃப்.

"எக்ஸ்பென்ஸ்னா செலவுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா இங்க செலவுன்னு எழுதக்கூடாது. எழுதுனா மார்க் கிடையாது" என்றார். "ஒண்ண எழந்துதான் இன்னொண்ணு கெடைக்குது, பாருங்க, அதுதான் இது. ஒருத்தர் ராப்பகலா உழைச்சு ஒடம்ப கெடுத்துக்கினாருன்னா, அட் தி எக்ஸ்பென்ஸ் ஆஃப் ஹிஸ் ஹெல்த். ஆரோக்கியத்த எழந்து உழைச்சாரு. புரியுதா?"

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. ஒரு சொல் அப்படிப் புரிவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார். பாதிப் பேர் உடம்பைக் கெடுத்துக்கொண்டவரையே திரும்ப எழுதினார்கள். நான், என் அப்பா இரண்டு விரல்களை இழந்து வேலை செய்தார் என்று அந்தச் சொற்றொடரை வைத்து எழுதினேன். மிஸ் படித்துவிட்டு டிக் போட்டார். பிறகு என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நெஜமாவா?"

"ஆமா மிஸ்."

அவர் டிக்குக்குப் பக்கத்தில் 'குட்' என்று எழுதியிருந்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் பேனாவைக் கொஞ்ச நேரம் அதன் மேலேயே வைத்திருந்தார். எனக்கோ அந்தக் 'குட்'தான் பெரிதாக இருந்தது. வகுப்பில் அந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தியது நான் ஒருத்திதான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனி கிளார்க் எங்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்த ஆள், மொபெட்டில் வந்தார், கையில் ஒரு ரொட்டியும் ஒரு பிளாஸ்டிக் உறையில் தாளும். வந்ததும் அவரும் அப்பாவும் வெளியே வேப்பமரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு உள்ளே வந்தார்கள். கிளார்க் தாளை எடுத்து நீட்டி, இது ஒரு வழக்கமான தாள், கையெழுத்துப் போட்டால் அப்பாவை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள், கேட்டில் வாட்ச்மேன் வேலை என்றார்.

"இங்கிலீஷ்ல இருக்குது. இன்னான்னு தெரியாம எப்படிப் போடறது?" என்றாள் அம்மா. "பாப்பா படிக்கட்டும்."

ஒரு பக்கம்தான். டைப் அடித்தது. பாதிச் சொற்கள் எனக்குத் தெரியாதவை. ஆனால் நடுவில் ஒரு வரியில் என் சொற்றொடர் இருந்தது. இனிமேல் நடக்கும் வைத்தியமெல்லாம் 'அட் தி எக்ஸ்பென்ஸ் ஆஃப் தி எம்ப்ளாயி' என்று அந்த வரி முடிந்தது. தெருவில் போகும்போது தெரிந்தவரைப் பார்த்த மாதிரி எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"அம்மா, இது எனக்குத் தெரியும்" என்றேன். "அப்பாவுக்கு எழப்பு வந்துடுச்சுன்னு கம்பெனியே ஒத்துக்கினு எழுதியிருக்குது. இனிமே நடக்கற வைத்தியமெல்லாம் அந்த எழப்புக்காகத்தான். அவங்களே பாத்துப்பாங்க."

"நல்லாப் படிச்சியா?"

"மிஸ் இதையேதான் போன வாரம் நடத்துனாங்க."

அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. அந்தக் கட்டோடு அப்பா வந்து இறங்கியதிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. கிளார்க் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா பேனாவைக் கேட்டு வாங்கி, கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் செருகி, பழகி வைத்திருந்த கையெழுத்தைப் போட்டார். கிளார்க் தந்துவிட்டுப் போன ரொட்டியை அன்று காப்பியில் தோய்த்து மூன்று பேரும் சாப்பிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து, பள்ளியில் ஒரு சுற்றறிக்கை கொடுத்தார்கள். நோணாங்குப்பம் படகுத் துறைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்கள், அங்கிருந்து படகில் கடற்கரைக்கு. எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் தாளின் கடைசி வரியில் 'அட் தி எக்ஸ்பென்ஸ் ஆஃப் தி பேரன்ட்ஸ்' என்று இருந்தது. பெற்றோரை இழந்து படகில் போவதா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேராக மிஸ்ஸிடம் போனேன்.

"இதுல பேரன்ட்ஸுக்கு இன்னா எழப்பு மிஸ்?"

மிஸ் சிரித்துவிட்டார். "எழப்பெல்லாம் இல்ல. அவங்க செலவுல போறோம், அவ்ளோதான்."

"செலவுன்னு எழுதக்கூடாதுன்னு சொன்னீங்க."

"அது அந்தப் பாடத்துக்கு. இங்க செலவுதான்."

"ஒரே மாதிரிதான மிஸ் இருக்குது? எங்க எது வரும்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?"

"படிக்கப் படிக்க வந்துடும்" என்றார்.

படிக்கப் படிக்க வரும்வரை காத்திருக்க எனக்கு நேரமில்லை. வீட்டில் நான் படித்துச் சொன்ன வரி நினைவுக்கு வந்து பயமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்; பயத்தைவிட அந்தச் சொல்லைப் பற்றிய ஆவல் அதிகமாக இருந்தது. ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு முகம்? நம் தமிழில் செலவு என்றால் செலவு, இழப்பு என்றால் இழப்பு. இங்கிலீஷ்காரர்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் ஏன் போட்டார்கள்?

சண்டே மார்க்கெட்டுக்கு அம்மா ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கப் போனபோது நானும் போனேன். நடைபாதையில் பழைய புத்தகக் கடை. ஒரு தடித்த அகராதியை எடுத்துக் குந்திக்கொண்டு தேடினேன். ஒன்று என்று போட்டு, ஒருவர் பணம் தர நடப்பது. இரண்டு என்று போட்டு, ஒருவருக்குக் கேடு வர நடப்பது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், சண்டை போடாமல் இருந்தன.

"வாங்கப் போறியா, இங்கயே படிச்சு முடிக்கப் போறியா?" என்றார் கடைக்காரர்.

"இந்தப் பக்கம் மட்டும்தாண்ணா."

"அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சு விக்கறதில்ல பாப்பா. எழுந்திரு."

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் இறந்த பிறகு அவர் மனைவி மட்டும் இருந்தார். தெருவே அவரை மதாம் என்றுதான் சொல்லும். யாரோடும் அதிகம் பேசாதவர், குழந்தைகள் கேட்டைத் தட்டினால் பிடிக்காது. அம்மா கொடுத்தனுப்பிய முருங்கைக்கீரையோடு போய் நின்றேன். கீரையை வாங்கிக்கொண்டு கேட்டைச் சாத்தப் போனவரிடம் அந்தச் சொற்றொடரைச் சொல்லி, எது சரி என்று கேட்டேன்.

"இங்கிலீஷ்ல எனக்கு அவ்வளவா வராது" என்றார். "ஆனா பிரெஞ்சுல இந்தத் தகராறு கெடையாது. ஒருத்தர் காசுல செஞ்சா ஓ ஃப்ரே. ஒருத்தர் வயித்துல அடிச்சு செஞ்சா ஓ தேப்பான். எதுக்குக் கேக்குற?"

கம்பெனித் தாளின் வரியை மனப்பாடமாகச் சொன்னேன். அவர் அதைப் பிரெஞ்சில் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"இது ஓ ஃப்ரே. வைத்தியச் செலவு உங்க அப்பாவோடதுன்னு எழுதியிருக்குது. கையெழுத்து போட்டாச்சா?"

"ம்."

"போயி உங்க அம்மாகிட்ட சொல்லு. இன்னைக்கே சொல்லு."

நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள், அப்பா கீழிருந்து மேலே பொத்தான் போட்டுக்கொண்டு வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்புவார், எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அதைக் கலைக்க எனக்கு வாய் வரவில்லை.

நான் சொல்லாவிட்டாலும் கை சொல்லிவிட்டது. தையல் போட்ட இடம் வீங்கி நீர் கோத்தது. நர்சிங் ஹோமில் மோதிர விரலையாவது காப்பாற்ற வேண்டுமானால் இன்னொரு ஆபரேஷன் என்றார்கள், முன்பணம் கேட்டார்கள். அம்மா கம்பெனிக்குப் போனாள். கிளார்க் அந்தத் தாளை எடுத்துக் காட்டி, வரியைத் தமிழில் சொன்னார். மழையில் நனைந்து வீட்டுக்கு வந்த அம்மா, புடவையைப் பிழியாமல் அப்படியே நின்றாள்.

"நீ இன்னா படிச்ச?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை.

"புரியலைன்னா புரியலைன்னு சொல்ல வேண்டியதுதான? யாரு உன்னக் கேட்டாங்க, தெரியும்னு சொல்லச் சொல்லி?"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி வெளியே போய்விட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அங்கே கூட்டம், முறை வருவதற்குள் நாளாகிவிட்டது. விரல் போகவில்லை, ஆனால் மடங்காமல் விறைத்துப் போனது. அம்மா டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் படுக்கைவிரிப்பு மாற்றும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது என்னை இங்கிலீஷ் மீடியத்திலிருந்து எடுத்து அரசுப் பெண்கள் பள்ளியில், தமிழ் மீடியத்தில் சேர்த்தார்கள். ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. இங்கிலீஷைத் தப்பாகப் படித்தவளை இங்கிலீஷ் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான் என்றே நினைத்தேன்.

புதுப் பள்ளியில் இங்கிலீஷ் பாடத்தில் யாராவது எழுந்து படி என்றால் தொண்டை வலி என்பேன். இரண்டு வருடம் எனக்குத் தொண்டை வலி இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது. ஆனால் இன்றுவரை எந்தத் தாளையும் மூன்று தடவை படிக்காமல் யாருக்கும் நான் சொன்னதில்லை. என்னோடு வேலை பார்ப்பவர்கள் இதற்காகக் கேலி செய்வார்கள். வேலை செய்யும் இடத்தில் விரலை இழந்தவரிடம் அப்படி எழுதி வாங்கினால் அது செல்லாது என்று பின்னாளில் ஒரு வக்கீல் சொன்னார். அன்று எங்களுக்கு அதைக் கேட்கலாம் என்றுகூடத் தெரியாது.

எனக்கு இருபத்திநாலு வயதில் ஒரு சாயங்காலம், அந்தக் கிளார்க் தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். கம்பெனி மூடிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அப்பா பலகாரம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர், "நீதான அன்னைக்குத் தாளப் படிச்ச பாப்பா?" என்றார். நான் ஆமாம் என்றேன். இத்தனை நாள் மனதில் இருந்ததால் வார்த்தை தானாக வந்தது.

"தப்பாப் படிச்சிட்டேன் சார்."

"அதனால இன்னா? உங்க அப்பாவுக்குத்தான் நான் முன்னாடியே சொல்லிட்டேனே" என்றார் அவர். "வெளிய மரத்தடியில நிக்கவச்சு, இதுல இப்படி எழுதியிருக்குது, இனிமே வைத்தியம் உன் பொறுப்புன்னு தமிழ்ல சொன்னேன். மனசு கேக்கல எனக்கு. அவரு, தெரியும் சார், வேல வேணும், போடறேன்னாரு. நீ உள்ள வேற மாதிரி சொன்னியா, எனக்கு ஒண்ணும் ஓடல."

அப்பா வந்தார். கிளார்க் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் மொபெட் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகு நான் அப்பாவிடம் கேட்டேன்.

"ஒனக்குத் தெரியுமாப்பா? நான் தப்பாப் படிக்கறேன்னு?"

அவர் மறுக்கவில்லை.

"ரெண்டு வெரலு இல்லாதவனுக்கு வேற எவன் வேல குடுப்பான்? உங்கம்மாவுக்கு அந்த வரி தெரிஞ்சா போட உட்ருப்பாளா? நானே எப்படிச் சொல்றதுன்னு நெனச்சுக்கினேதான் உள்ள வந்தேன். நீ அப்படிப் படிச்ச. அவ மொகம் மாறிப்போச்சு. நான் உட்டுட்டேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"வேல நெலைக்கட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் நீ சின்னப் பொண்ணு, மறந்திருப்பன்னு நெனச்சேன்."

"நான் மறக்கலப்பா."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. விறைத்த விரலை இடது கையால் நீவிக்கொண்டே இருந்தார். அம்மா வந்து செருப்பைக் கழற்றியபோது அவரே எழுந்து போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் கேட்டு அவர் சொல்லவில்லை. அம்மா நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீ தப்பாப் படிச்சதுக்குத்தான் ஸ்கூல் மாத்துனோம்னு நெனச்சுக்கினு இருந்தியா?"

நான் தலையாட்டினேன்.

"ஃபீஸ் கட்ட முடியலடி" என்றாள். "அதுக்குத்தான்டி மாத்துனோம். வேற ஒண்ணுமே இல்ல." சொல்லிவிட்டு, பையைக்கூட இறக்கி வைக்காமல், என் பக்கத்தில் அப்படியே நின்றாள்.

அதற்குப் பிறகு எட்டு நாள் அவள் அப்பாவோடு பேசவில்லை. சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், தண்ணீர் வைப்பாள். ஏதாவது சொல்ல வேண்டுமானால் என்னைப் பார்த்துச் சொல்வாள். அப்பாவும் எனக்கே பதில் சொல்வார். கல்யாணத்துக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்பதைக்கூட இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசி முடித்தார்கள். போவது என்று முடிவானது.

ஒன்பதாவது நாள் மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா ரசத்தை ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"இன்னும் எதெதுல கையெழுத்து போட்டு வச்சிருக்க?" என்று கேட்டாள்.

அவள் அப்பாவை நீ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தார்.

"ரெண்டு இருக்குது" என்றார்.

அம்மா கரண்டியை ரசத்துக்குள் போட்டுவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள்.

நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.